அக்காவின் முகத்தைத் துடைத்த கதை

அந்தக் காலத்தில் என் கையில் மவுசைக் கொடுத்தால் யார் முகத்திலும் ஒரு பரு மிஞ்சாது. கேரளத்து விதுராவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு டச்சிங் வேலை. கல்யாணப் பெண்ணின் தேமல், மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பு, மாமனாரின் கடுகடுப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே துடைத்துவிடுவேன். (கடுகடுப்பு மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.) அந்தத் திமிர்தான் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

என் அக்கா பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள். எனக்குப் பெண் குழந்தை பிறந்த சமயம், அக்காவின் கன்னத்திலும் கழுத்திலும் சிவந்து செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. எஸ்டேட் லயத்து வீடுகளில் யாரோ 'பெருவியாதி' என்று முணுமுணுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், தனித் தட்டு, தனி டம்ளர். என் வீட்டுக்கு வந்தாலும் வாசலிலேயே உட்கார்ந்து பிள்ளையை எட்டிப் பார்ப்பாள்.

"தூக்கேன்க்கா."

"வேண்டாம் புள்ள, ஒட்டிக்கிடும்."



எஸ்டேட் ஆஸ்பத்திரியின் மலையாளி நர்ஸ் சிஸ்டர்தான் பாதித் தமிழில் வழி சொன்னார். "எனக்குக் கண்டா அப்படித் தோணல. டிஜிட்டல் கேமராவுல போட்டோ எடுத்து மெயில் அயச்சா மதி, அது போதும். திருவனந்தபுரத்துல ஸ்கின் டாக்டர் நோக்கிச் சொல்லும்."

போட்டோ என்றதும் அக்கா முகம் நிறையப் பவுடர் அப்பி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்து நின்றாள். "டாக்டர் என்ன பொண்ணு பாக்கவா வர்றாரு?" என்று அதட்டி, ஈரத்துணியால் பவுடரைத் துடைத்தவள் சாட்சாத் நான்தான். படம் பிரமாதமாக வந்தது. அனுப்பும் முன் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். அப்புறம் பழகின கை சும்மா இருக்குமா? கன்னம் ஆயிற்று, கழுத்தும் ஆயிற்று. நம் அக்கா ஆயிற்றே என்று கருவளையத்தையும் விடவில்லை. அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

பதில் வந்ததும் சிஸ்டர் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்.

"எடி, இத்ர நல்ல ஸ்கின்னுக்கு எந்தினா மருந்துன்னு டாக்டர் கேக்குது! நீ எந்தா செய்தே?"

படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா திரையை உற்றுப் பார்த்தாள்.

"யாருட்டி இவ, நல்லாருக்காளே?"

"நீதான்க்கா."

"கோட்டிக்காரி! நோவைக் காட்டச் சொன்னா, நோவையே தொடச்சிட்டியே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தே எத்தனையோ மாதமாகியிருந்தது.

மறுபடி எடுத்தோம். இந்த முறை மவுசை சிஸ்டரே பிடித்துக்கொண்டு, என்னைத் தள்ளி நிற்க வைத்தார். (திருடியைப் போல!) பதில் வந்தது. சொரியாசிஸ். வரும், போகும், யாருக்கும் ஒட்டாது.

"பகரில்லா சேச்சி, ஒட்டாது. பேடிக்கண்டா, பயம் வேண்டா" என்றார் சிஸ்டர்.

"அப்ப, புள்ளையத் தொடலாமா?"

"தைரியமா எடுத்தோ."

அக்கா நேரே என் வீட்டுக்கு வந்து பிள்ளையை வாங்கி உச்சந்தலையை முகர்ந்தாள். உரிந்த கன்னத்தைப் பிள்ளையின் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் இறக்கவே இல்லை. பால் கொடுக்கக்கூட நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளை இப்போது காலேஜ் போகிறாள். பரு வந்தால் டாக்டருக்கு அனுப்ப அவளே செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறாள். என்னிடம் போனைத் தர அவள் பெரியம்மா விடுவதில்லை. ஆனால் நான் துடைத்த அந்தப் படத்தை மட்டும் அக்கா கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சொல்வாள்: "ஒரு நோவும் இல்லன்னு பெரிய டாக்டரே சொன்ன மொகம்லா இது!"