ஒற்றுமை இழை

உலகில் ஒளியால் பேசும் ஒரே நாடு மின்னகம் என்று அதன் அரண்மனை வாசலில் கல்வெட்டே இருந்தது. அந்தக் கல்வெட்டைப் படம் எடுத்து யாருக்காவது அனுப்பினால், போய்ச் சேர அரை நாள் ஆகும்.

காரணம் எளிது. முப்பத்திரண்டு வீடுகளின் இணையத்துக்கும் ஒரே ஒளியிழை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். இழைத்துறை அமைச்சர் அதிவேகனார் அதற்கு 'ஒற்றுமை இழை' என்று பெயர் சூட்டினார். முணுமுணுப்பு கூடியது. ஒற்றுமை போதவில்லை போலும் என்று இன்னும் முப்பத்திரண்டு வீடுகளை அதிலேயே சேர்த்தார். அரசு வாக்களித்த வேகம் 'நூறு வரை'.

"பூஜ்யமும் நூறு வரைக்குள்ளதானே வருது?" என்று சபையில் கேட்டார் அமைச்சர். சபை மேஜையைத் தட்டியது.

யாரோடும் பகிராத தனி இழை நாட்டில் ஒன்றே ஒன்று. அது அமைச்சர் மாளிகைக்கு.

மாளிகையின் பின்சுவரை ஒட்டி ஸ்கேன் சென்டர் நடத்தினாள் செண்பகவல்லி. ஒரு காலை, கம்பத்திலிருந்து விழுந்த இழைத் தொழிலாளி பரஞ்சோதியை அங்கே தூக்கி வந்தார்கள். மண்டைக்குள் ரத்தமா என்று தலைநகர மருத்துவர் படம் பார்த்துச் சொல்ல வேண்டும். படம் முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றுவிட்டது. பரஞ்சோதிக்கு நாக்குக் குழறத் தொடங்கியது.

படத்தைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மாளிகைக்கு ஓடினாள்.

"ஐயா, ஒரே ஒரு படம். உங்க தனி இழையில அனுப்பிக்கறேன். மனுஷன் போயிடுவாரு."

"தாராளமா!" என்றார் அமைச்சர். "மக்களுக்காகத்தானே நாங்க. ஏகாம்பரம், நம்ம கம்ப்யூட்டரைத் திறய்யா."

செயலாளர் ஏகாம்பரம் திறந்தார். இங்கேயும் படம் முப்பத்தெட்டில் நின்றது. செண்பகவல்லி திரையின் மூலையைப் பார்த்தாள்.

"என்னங்க இது, 'செண்பகவல்லி ஸ்கேன்'னு காட்டுது? இது என் வைஃபை!"

ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார். "பாஸ்வேர்டு உங்க போர்டுல இருக்கற போன் நம்பர்தானேம்மா..."

"எத்தனை பேரு இதுல இருக்கீங்க?"

"வெளியாள் யாருமில்லம்மா. குடும்பம் மட்டும்தான். பதினாலு பேரு."

"அத்தனையும் அணைங்கய்யா!"

அந்த மாளிகையில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை. பதினான்கு போன்களும் அணைந்தன. இரண்டே நிமிடத்தில் படம் போனது. 'ரத்தக்கசிவு. உடனே அறுவை சிகிச்சை' என்று பதில் வந்தது. பரஞ்சோதியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

"அப்ப உங்க தனி இழை எங்கய்யா?"

ஏகாம்பரம் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

போன வருடம் அந்த இழையின் திறப்பு விழாவில், ரிப்பன் என்று நினைத்து அமைச்சர் கத்தரித்தது அதைத்தான்.