பீர் ஃபாக்டரியில் ஒரு மடக்கு

புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் அவர் வாய் வைக்காத கிணறு கிடையாது. ஏரி மதகு, கோயில் குளம், கைப்பம்பு, கரும்புக்குப் பாய்கிற வாய்க்கால், எதையும் விட்டதில்லை. எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஓவர்சீயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் 'ஒரு மடக்கு'. எந்த வீட்டு வாசலில் நின்றாலும், ஒரு மடக்கு தண்ணி குடும்மா என்றுதான் ஆரம்பிப்பார். வாயில் வைத்துக் கொப்பளித்து, கண்ணை மூடி, விழுங்கி, தீர்ப்புச் சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

எனக்கு இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. வயசு என்கிறார் டாக்டர். வயசுமில்லை, ஒரு மண்ணுமில்லை, ஓவர்சீயர்தான் காரணம். அவருக்கு சைக்கிள் ஓட்ட வராது. கிளார்க்கான என் சைக்கிள் கேரியரில்தான் எழுபதுகளில் பாதி அவருக்குக் கழிந்தது. காலையில் ஏறும்போது இருந்ததைவிட சாயங்காலம் இறங்கும்போது கனம் கூடியிருக்கும். முப்பது வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து நான்தான் மிதித்தேன்.

அவர் டீ, காபி, சோடா, கலர் எதையும் தொடமாட்டார். வெற்றிலை, பீடி கிடையாது. பச்சை மிளகாயைக் கண்டால் இலையில் ஓரங்கட்டுவார். "நாக்கு கெட்டுப் பூடும், கிளார்க்கு" என்பார். ஐம்பத்து மூன்று வயசு வரைக்கும் அந்த நாக்கைக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொண்டார்.

அந்த நாக்கால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைத்தெருவில் பாய் டீக்கடையில் நல்ல கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, தண்ணீர் ட்ரம்மை நேற்று நீங்கள் கழுவவில்லை என்று பாயிடமே சொன்னார். மறுநாள் முதல் எனக்கு அங்கே டீ கிடையாது. மதகடிப்பட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து ஒரு மடக்கு குடித்தவர், இது உங்கள் வீட்டுக் கிணறு இல்லையே, பக்கத்து வீட்டுத் தண்ணீராச்சே என்றார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம் ஆகியிருந்ததும், பெண்டுகள் பின்கட்டு வழியாக ரகசியமாக இறைத்துக் கொடுத்ததும் எங்களுக்கு எப்படித் தெரியும்? பாயசம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது.

முப்பத்திரண்டு வயசில் எனக்கு ஒரு வரன் வந்தது. பெரிய மனுஷராக இருக்கட்டுமே என்று, புத்தி கெட்டுப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "பொண்ணு தங்கம். தண்ணிதான் சப்புனு இருக்குது" என்றார். அந்தப் பெண் இப்போது ஒரு பாங்க் ஆபீசரின் மனைவி.

இப்படி இருக்கையில், எங்கள் பக்கத்தில் ஒருவர் பீர் ஃபாக்டரி திறந்தார். நெல் மில் வைத்திருந்தவர்; கரும்பும் பெரிதாகப் பயிர் வைத்திருந்தார். ஓடாமல் கிடந்த பழைய மில் கொட்டகையில் நாலு டேங்கை நிறுத்தி, பெங்களூரில் வேலை பார்த்த சேவியர் என்பவரைக் கொண்டுவந்து காய்ச்ச வைத்தார். கழிவுநீர் போகிற சாக்கடையை எங்கள் ஆபீஸ் பார்த்து அனுமதி தரவேண்டும். ஒரு சாக்கடையைப் பார்க்க ஒன்பது பேர் கிளம்பிய ஆபீஸ் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சாக்கடையை யாரும் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் பார்லியைக் காய்ச்சிய வாசனை, கஞ்சித் தொட்டி மாதிரி கமகமவென்று இருந்தது. ஆளுக்கு ஒரு கிளாஸ் பீர் வந்தது; ஓவர்சீயர் மட்டும் வாங்கவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் முதல் பீர். ஆணியைச் சப்புகிற மாதிரி ஒரு ருசி. ஓசியில் வந்ததைக் குறை சொல்லலாமா? பிரமாதம் என்றோம்.

மில்லுக்காரர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். ஏற்கெனவே இரண்டு தடவை காய்ச்சியதைச் சாக்கடையில் கொட்டியாகிவிட்டதாம். முதலில் பானையில் வெள்ளோட்டம் பார்த்தபோது நன்றாக வந்தது, டேங்கில் காய்ச்ச ஆரம்பித்ததிலிருந்து இதே கேடு என்று எங்களிடம் புலம்பினார். பிறகு சேவியரைப் பார்த்து, "மூணாவது வாட்டியும் பூட்ச்சு. நாளைக்கு வூட்டக் காலி பண்ணிக்கினு ஊரு போய்ச் சேரு" என்றார்.

சேவியர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து குடிவைத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ஒன்பது பேர் முன்னால் ஒரு மனுஷன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தோம்.

அப்போதுதான் ஓவர்சீயர், டேங்கில் ஊற்றுகிற தண்ணீரில் ஒரு மடக்கு கேட்டார். சேவியர் குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தார். ஓவர்சீயர் கொப்பளித்தார், கண்ணை மூடினார், விழுங்கினார்.

"இது மாந்தோப்புக் கெணறு இல்ல. களத்துமேட்டு போர்த் தண்ணி. இரும்பு."

மாந்தோப்புக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் அங்கே ஃபாக்டரியே வைத்தார்கள். மோட்டார் கொட்டகை ஆளைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவன் அப்பாவியாக, வெயிலில் கரும்பு காயக் கூடாது என்று முதலாளிதானே சொன்னார், அதனால் நல்ல தண்ணீரைக் கரும்புக்குத் திருப்பிவிட்டு, போர்த் தண்ணீரை இங்கே விட்டேன் என்றான். ஃபாக்டரி வைத்தாலும் விவசாயி விவசாயிதானே. பயிர் குடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மில்லுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. தப்பு தன்மேல் வருவதை அவர் விரும்பவில்லை. காய்ச்சுகிற தண்ணீரில் என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது, இவன் கைப்பக்குவம் சரியில்லை என்றார். ஓவர்சீயர் பக்கம் திரும்பி, "பச்சத்தண்ணி குடிக்கிற ஆளு நீங்க. பீரப் பத்தி உங்களுக்கு இன்னா சார் தெரியும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் சேவியரைப் பார்த்தார். என் கிளாஸைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து அதை வாங்கி, ஒரு மடக்கு குடித்துவிட்டார்.

அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. துப்பவில்லை. கண்ணில் தண்ணீர் வர, கடைசிவரை வாயில் வைத்திருந்து விழுங்கினார். "அதே இரும்பு. தண்ணி மேல தப்பு. இவர் மேல இல்ல. எழுதிக் குடுக்கட்டுமா?"

மில்லுக்காரர் தன் கரும்புப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மோட்டார் ஆளிடம் கிணற்றுத் தண்ணீரை இங்கே திருப்பச் சொன்னார். சேவியரிடம், "போய் டேங்கைக் கழுவு பா" என்றார். சேவியர் ஓவர்சீயரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் கடலோரத்துப் பனித்திட்டில் எங்களுக்கு வேறு வேலை இருந்தது. சைக்கிளில் அவர் வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் வந்தது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஊர் எல்லையில் ஒரு வீட்டில் நானே வண்டியை நிறுத்தி, தண்ணீர் கேட்டேன்.

அவர் ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். இன்னொரு மடக்கு குடித்தார். பிறகு சொம்பை என்னிடம் நீட்டினார்.

"கிளார்க்கு, எனக்கு ஒண்ணுமே தெரியலடா. நீ குடிச்சிப் பாரு. நல்லாதான இருக்குது?"

நாலு நாளில் அவருடைய நாக்கு சரியாகிவிட்டது. ஆனால் அந்த நிமிஷம் அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவனுடைய பிழைப்புக்காக இந்த மனுஷன் தன்னிடம் இருந்த ஒரே சொத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வாங்கி வாயில் வைத்தேன். கடலோரத் தண்ணீர், உப்பாய்க் கரித்தது. "நல்லா இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு, சொம்பில் இருந்த மிச்சத்தையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.