மாமனார் நீக்கப்பட்டார்

மாமனாரைக் குடும்பக் குழுவிலிருந்து நீக்கிவிட்டதை உணர மாப்பிள்ளைக்கு நான்கு விநாடிகள் பிடித்தன. குழுவிலிருந்த மற்றவர்களுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

"என்ன மாப்பிள்ளை இது? அண்ணனையேவா?" என்று முதலில் எழுதியவர் சித்தப்பா, அதாவது மாமனாரின் தம்பி. எதையும் முதலில் கேட்பவர் அவர். பதில் வருவதற்குள் அதை ஊருக்கெல்லாம் சொல்லி முடிப்பவரும் அவரே.

மாப்பிள்ளை ஓர் அலுவலகத்தின் நானூறு கணினிகளுக்கும் அவற்றை இணைக்கும் வலையமைப்புக்கும் பொறுப்பாளர். எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருடையது. பதினோர் ஆண்டுகளில் அங்கே ஒருவரைக்கூடத் தவறுதலாக நீக்கியதில்லை. அங்கே செய்யாத அந்தச் சாதனையை விடுமுறை நாளொன்றில், சோபாவில் சாய்ந்தபடி, கட்டைவிரலால் நிகழ்த்தியிருந்தார்.

"வேணும்னு செய்யலம்மா. அவரையும் அட்மின் ஆக்கலாம்னுதான் பார்த்தேன். அதுக்கு நேர் கீழேயே ரிமூவ் இருக்கு."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எங்கப்பாவை எதுக்கு அட்மின் ஆக்கணும்?"

"ஒரு மரியாதைக்கு."

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க மரியாதை."

மரியாதைக்குக் காரணம் இருந்தது. மாமனார் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளெல்லாம் கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்தவர், தம் சொற்களை மட்டும் எடை குறைத்தே கொடுத்தார். திருமணமாகி நான்கு ஆண்டுகளில் மாப்பிள்ளையிடம் அவர் நேரில் சொன்னவை "வாங்க", "உட்காருங்க", "சரி" ஆகியவையே. அவற்றுள்ளும் "சரி" என்பது மாப்பிள்ளை விடைபெறும்போது மட்டும் வெளிப்படும்.

அப்படிப்பட்டவர் எட்டு மாதங்களுக்கு முன் திடீரென எழுதத் தொடங்கினார். செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதர் எதற்கு, இயந்திரங்களே போதாதா என்று மாப்பிள்ளை போகிற போக்கில் குழுவில் எழுதிவைக்க, பிற்பகலில் மாமாவின் எண்ணிலிருந்து பதில் வந்தது.

"மாப்பிள்ளை, இயந்திரம் போகும், பார்க்கும், படமும் எடுக்கும். ஆனால், பார்த்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே என்ற தவிப்பு அதற்கு வருமா?"

மாப்பிள்ளை அதை இரண்டு முறை படித்தார். பிறகு, எழுதியவரின் எண்ணை ஒரு முறை சரிபார்த்தார்.

அன்று முதல் நாள்தோறும் பிற்பகலில் விவாதம் நடந்தது. மாப்பிள்ளை இயந்திரத்தின் கட்சி. மாமா மனிதரின் கட்சி. செயற்கைக்கோள்கள் வானை அடைத்துக்கொள்வது சரியா, கணினி கவிதை எழுதினால் அது கவிதையா, நிலவில் கைப்பேசிக் கோபுரம் நட்டால் அங்கிருந்தும் விளம்பர அழைப்புகள் வருமா என்றெல்லாம் அது கிளை விட்டது. குழுவின் மற்ற உறுப்பினர்கள் காலை வணக்கப் படங்களோடு ஒதுங்கிக்கொண்டார்கள்.

"ஒரு சின்னக் கலத்துக்குள் வாய் திறக்காத துணையோடு ஏழு மாதம் எப்படி இருக்க முடியும், மாமா?" என்று ஒருநாள் மாப்பிள்ளை மடக்கினார்.

"இருக்கலாம், மாப்பிள்ளை. முதல் சில ஆண்டுகள்தான் கடினம்."

"பாரேன், அத்தையைச் சொல்றார்" என்று மனைவியிடம் காட்டிச் சிரித்தார் மாப்பிள்ளை. அவளும் சிரித்தாள். மாமியார் குழுவில் இல்லை. அவருக்கென்று ஒரு கைப்பேசியும் இல்லை.

மாப்பிள்ளை தம் ஏழாவது வயதில் பெற்றோரை இழந்து, விடுதிகளில் வளர்ந்தவர். மூத்தவர் ஒருவர் தம்மை ஒரு பொருட்டாக மதித்து, உட்கார்ந்து யோசித்து, தம்மோடு சண்டைக்கு வருவது அவருக்கு வாழ்க்கையில் முதல் முறை. அலுவலகத்தில் பிற்பகலானால் கைப்பேசி பக்கமே அவர் கண் போகும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியாக அது ஒரு பெரிய விஷயமும் இல்லை என்றே நினைத்திருந்தார், அன்று அது கைநழுவிப் போகும் வரை.

அன்றைய கேள்வி இது: "செவ்வாயிலிருந்து ஒரு வார்த்தை வீடு வந்து சேர, சில சமயம் இருபது நிமிடம் ஆகும். அவ்வளவு தாமதமாகப் பேசுகிறவருக்காக யார் காத்திருப்பார்கள்? இதற்கு உங்களிடம் பதில் இருக்காது, மாமா."

கடைசி வாக்கியம் சற்று அதிகம் என்று அவருக்கே தோன்றியது. அதை ஈடுகட்டத்தான் அட்மின் பதவி.

இப்போது திரையில் அந்த வாக்கியமும் அதற்கடுத்தபடியாக நீக்க அறிவிப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

"'பதில் இருக்காது'ன்னு சொல்லிட்டு, பதில் சொல்ல விடாம வெளிய தள்ளிட்ட மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"திரும்பச் சேர்த்துடறேன்."

சேர்க்க முடியவில்லை. மாமாவின் கைப்பேசியில் எந்த அமைப்பை யார் மாற்றி வைத்திருந்தார்களோ, அழைப்பு மட்டுமே அனுப்பலாம், அவரே இசைந்தால்தான் உள்ளே வருவார் என்றது திரை. மாப்பிள்ளை அழைப்பை அனுப்பினார். அது பார்க்கப்படாமலேயே கிடந்தது.

"முதல்ல அந்த மெசேஜை அழிங்க. அதுதான் கண்ணை உறுத்துது."

அழித்தார். அந்த இடத்தில், செய்தி ஒன்று அழிக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு முளைத்தது. அதுவரை கேள்வியைப் படித்திராத சித்தப்பா உடனே எழுதினார்: "அழிக்கிற அளவுக்கு அண்ணனை அப்படி என்ன சொல்லிட்டீங்க மாப்பிள்ளை?"

"ஐயோ" என்றார் மாப்பிள்ளை.

"ஐயோன்னு அங்க எழுதிடாதீங்க."

நெருக்கடி நேரத்தில் வலையமைப்பாளர்கள் செய்வதை அவரும் செய்தார்: பழையதைத் தொடாமல் புதிதாக ஒன்றை நிறுவினார். எல்லாரையும் சேர்த்து ஒரு புதிய குழுவைத் தொடங்கி, அதற்குப் 'புதிய தொடக்கம்' என்று பெயரும் வைத்தார். எல்லாரும் சேர்ந்தார்கள். அங்கும் சேர்க்க முடியாமற்போனவர் ஒருவர்தான்.

"அண்ணன் இல்லாமத்தான் புதிய தொடக்கமா?" என்று கேட்டுவிட்டுச் சித்தப்பா வெளியேறினார். அவரைத் தொடர்ந்து இருவர் வெளியேறினர். எதற்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சகலை, இதற்கும் உயர்த்திக் காட்டினார்.

மனைவி தந்தையின் எண்ணுக்கு அழைத்தாள். முழு மணியும் அடித்து ஓய்ந்தது. மீண்டும் அழைத்தாள். மீண்டும் ஓய்ந்தது.

"எங்கப்பா எடுக்கலன்னா கோபமாத்தான் இருக்கார். பெரியப்பா ஒரு ஏணியை வாங்கிட்டுப் போயி திருப்பித் தரலன்னு பதினாலு வருஷமா அவர்கூடப் பேச்சே இல்ல."

"ஏணிக்கா?"

"ஏணி அப்புறம் வந்துடுச்சு. பேச்சுதான் வரல."

மாப்பிள்ளை எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்ததை மனைவி வழியில்தான் கவனித்தாள்.

ஸ்கூட்டரில் செல்லும்போது அவர் மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். தலைக்கவசத்துக்குள் அவர் பேசியவை பின்னால் துண்டு துண்டாகக் கேட்டன.

"அவ்ளோ பயமா இருக்கா?" என்றாள் மனைவி, தோளில் கைவைத்து.

"பயம் இல்ல." சிக்னலில் நின்றார். "நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் அவர் தோளிலிருந்த கையை எடுக்கவில்லை.

கதவைத் திறந்தவர் மாமனாரே.

"வாங்க" என்றார். பிறகு, "உட்காருங்க."

அறையில் மாமியார், மழைக்கு முன் மாடியிலிருந்து அள்ளி வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "இப்பதான் கீழ எறங்கி வந்தோம். சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் வழக்கமாகக் கேட்பது அது ஒன்றே.

மாப்பிள்ளை உட்காரவில்லை. "மாமா, அது கை தவறிப் போச்சு. சத்தியமா வேணும்னு செய்யல. உங்களைக் குழுவுலேர்ந்து நான் ஏன் நீக்கப் போறேன்?"

மாமனார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "எந்தக் குழு?"

கோபத்தைவிடக் கொடிய நிலை இது என்று மாப்பிள்ளைக்குப் பட்டது: நடந்ததையே இல்லையென்று ஆக்கிவிடுகிறார். உதவி கோரி மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. எட்டு மாசமா நீங்க எழுதினது ஒண்ணொண்ணும் எனக்கு மனப்பாடம். எனக்குன்னு இப்படி உக்காந்து யாரும் எழுதினது இல்ல." மாமனாரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். "நான் தோத்துட்டேன்னே வெச்சுக்கோங்க. மனுஷங்களே போகட்டும்."

"எங்க போகணும்?"

"செவ்வாய்க்கு."

மாமனார் மாமியாரின் பக்கம் திரும்பினார். அது அவர் அன்று கேட்ட மிக நீளமான கேள்வியாக இருந்தது: "இவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா, என்ன?"

மாமியார் கையிலிருந்த துவாலையை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அலமாரி மேலிருந்த கணவரின் கைப்பேசியை எடுத்து, பழகிய கட்டைவிரலால் திறந்தார்.

"அவர்கிட்டப் போயி எதுக்கு மாப்பிள்ளை தோத்துட்டேன்கிறீங்க? எட்டு மாசமா உங்களோட மல்லுக்கு நிக்கிறது நான்தானே. பதிலைப் பாதி எழுதியாச்சு, உங்க அழைப்புக்குச் சரின்னு சொல்லிட்டு இதோ உள்ள வர்றேன்."