ரூட்டு அண்ணாச்சியும் மினிபஸ்ஸில் போன சங்கிலியும்

கல்கத்தாவில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நேராகப் போவதை மகா பாவமாகக் கருதிய ஒரே மனிதர் ரூட்டு அண்ணாச்சிதான். அலிப்பூரில் எங்கள் மத்திய சர்க்கார் ஆபீஸில் ஹெட்கிளார்க், திருநெல்வேலிக்காரர். வீட்டு வாசலில் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் ஆபீஸ். அவரோ ஆட்டோ, மெட்ரோ, டிராம் என்று மாறி மாறி ஒன்றேகால் மணி நேரத்தில் வருவார். "ஒரே வண்டியில வந்து எறங்குததுக்கு நாம என்ன பார்சலாவே?" என்பார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்த சக ஊழியரைப் பார்க்க எங்களை அழைத்துப் போனார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சியைக் கிண்டல் செய்வதில் நான்தான் முதல் ஆள். என் யோக்கியதை என்னவென்றால், பவானிபூரில் மூன்று வருஷம் குடியிருந்தும் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பஸ். அதையும் நம்பர் பார்த்து ஏறியதில்லை, முன்னால் ஏறும் ஆபீஸ் ப்யூனைப் பார்த்துத்தான் ஏறுவேன். அவர் லீவு போட்டால் நானும் லீவு. ஆனால் ஊரிலிருந்த புது மனைவிக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் கல்கத்தா எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு துர்கா பூஜை சமயம், அவள் இரண்டு வாரத்துக்கென்று வந்து சேர்ந்தாள். முதல் வாரம் முழுக்க அவள் பார்த்த கல்கத்தா நான்கு சுவர்களும் நானும்தான். எட்டாம் நாள் சொல்லிவிட்டாள்: "வியாழக்கெழம வண்டிக்கு நான் போறேன். இங்க சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு அம்மாகூட இருக்கேன். நீங்க மாத்தல் வாங்கிட்டு வாங்க."

எங்கள் ஆபீஸில் மாற்றல் கிடைப்பதற்குள் எனக்குப் பல் எல்லாம் விழுந்துவிடும். வெட்கத்தை விட்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் கெளம்பி நில்லும்" என்றார்.

மெட்ரோவில் எஸ்பிளனேடு. அங்கிருந்து டிராம், மைதானத்தின் மரங்களுக்கு நடுவே கிதர்பூர் வரை. எட்டு நாளாக உம்மென்று இருந்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு உடனே தலைக்கனம் ஏறிவிட்டது. கிதர்பூரில் மினிபஸ் வந்தபோது, விஷயம் தெரிந்தவன்போல, "கழுத்துச் சங்கிலி ஆபத்து, கழற்று" என்றேன். அவள் அம்மா போட்ட ஐந்து பவுன் சங்கிலி. அதைப் பைக்குள் புளியோதரை டப்பாவுக்கு அடியில் வைத்து, பையின் வாயை நானே முடிச்சுப் போட்டேன்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த வங்காளி அம்மாள் ஒருவர் என் பையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. "குடும்வே! நிக்கவன் பைய உக்காந்திருக்கவங்க மடியில வாங்கிக்கிடுதது இந்த ஊரு வழக்கம்" என்றார் அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா என்ற முகத்தோடு கொடுத்தேன்.

பாபுகாட் படித்துறையில் இறங்கினோம். ஆற்றைப் படகில் கடக்காமல் அதே பஸ்ஸில் அக்கரை ஹவுரா வரை போனால் அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது. பஸ் கிளம்பி மறைந்தது.

"ஏங்க, பை எங்க?" என்றாள்.

என் கையில் மூன்று பேருக்கான டிக்கெட் மட்டும் பத்திரமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வியாழக்கிழமை வரைகூடக் காத்திருக்க மாட்டாள் என்று தெரிந்தது.

"டாக்ஸி!" என்று கத்தினேன்.

"டாக்ஸியும் அதே ஹவுரா பாலத்துலதானவே போய் நிக்கும்? பூஜ கூட்டம். பஸ்ஸு அரமணி நேரம் தவங்கெடக்கும். படகு பத்து நிமிசம். வாரும்!"

அண்ணாச்சி ஓடி அன்றுதான் பார்த்தேன். படகில் அவர் ஒரு ரூட் நம்பர்கூடச் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்தபடி பாலத்தில் நின்ற பஸ்களையே எண்ணிக்கொண்டு வந்தார்.

ஹவுரா பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றோம். ஒருவழியாக அந்த மினிபஸ் ஊர்ந்து வந்து காலியானது. உள்ளே அந்த அம்மாள் மட்டும் என் பையை மடியில் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பூஜைத் துணி எடுக்க பாலத்துக்கு அந்தப் பக்கமே படா பஜாரில் இறங்கியிருக்க வேண்டியவராம்.

"ஏன் மாஷிமா எறங்கலன்னு கேட்டேன்" என்றார் அண்ணாச்சி, வங்காளிகள் சித்தியை அழைக்கும் முறையில். "பிள்ளையோட பை மடியில இருக்கும்போது எப்படி எறங்கன்னு கேக்காங்க."

அதன்பிறகு மாஷிமா என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

என் மனைவி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குப் புரியாத திருநெல்வேலித் தமிழில் என்னவெல்லாமோ சொன்னாள். அவர் போன பிறகு சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அண்ணாச்சி, அடுத்த ஞாயித்துக்கெழம எங்க போறோம்?"

அடுத்த ஞாயிறு, வியாழனுக்குப் பிறகு வருவது. எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அண்ணாச்சி தட்சிணேஸ்வரத்துக்கு எங்கே ஏறி எங்கே மாறுவது என்று ஐந்து வண்டிகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். நேர் பஸ் இருக்கிறது என்று எனக்கே தெரியும். வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதரை அங்கேயே, அத்தனை ஜனத்துக்கு நடுவில், கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.