யாருசொன்னா மாமாவும் கவரேஜ் கல்லும்

உலகத்திலேயே வதந்தியைக் கால்நடையாகத் துரத்திப் பிடித்த ஒரே மனிதர் எங்கள் தோட்டத்தில்தான் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே, வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயங்களில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் யாருசொன்னா. எங்களுக்கு யாருசொன்னா மாமா.

தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை அவருக்கு. நாள் முழுக்க வாடுகிற இலையின் வாசத்திலேயே நின்றதாலோ என்னவோ, பாதித் தூக்கத்தில் இருப்பவர்போல் நடப்பார். ஆனால் ஒரு செய்தி காதில் விழுந்தால் போதும், கண் முழுசாகத் திறந்துகொள்ளும். "யாரு சொன்னா?" என்பார். பதில் வந்ததும் அந்த ஆளைத் தேடிக் கிளம்பிவிடுவார். அந்த ஆள் இன்னொருவரைக் காட்டினால் அங்கேயும் போவார். போகிற வீட்டிலெல்லாம் தேத்தண்ணி கொடுப்பார்கள். குடித்துவிட்டு அடுத்த வீடு.

ஓடைப் பக்கம் சிறுத்தை வந்திருக்கிறது என்று ஒருமுறை மலையே நடுங்கியது. இவர் லயம் லயமாக விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் துரை பங்களா நாயின் முன்னால் போய் நின்றார். நாயிடமும் கேட்டார் என்பது நாங்கள் சேர்த்துக்கொண்டது. வீட்டில் மாமி "சோறு வெந்திருச்சு" என்றாலும் அதே கேள்விதான். "பானை சொல்லிச்சு, வந்து கேட்டுக்கங்க" என்பாள் மாமி. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரையும் அவர் விட்டதில்லை. அந்த மனிதர் பதில் சொல்லாமல் அடுத்த செய்திக்குப் போவதை மாமா பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்.

அப்புறம் தோட்டத்துக்குக் கைபேசி வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பழைய ஃபோன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஃபோன் இருந்தது, கவரேஜ் இல்லை. ஒரே ஓர் இடத்தில் இருந்தது: மேல்மலையில் ஒரு பெரிய பாறை. கவரேஜ் கல்லு. அந்தி நேரத்தில் ஊரே அதன்மேல் ஏறி நிற்கும். அதே நேரத்துக்குத்தான் பள்ளத்திலிருந்து பனிமூட்டமும் ஏறி வரும். முதலில் ஆட்களின் கால் மறையும், பிறகு இடுப்பு, பிறகு முகம். கடைசியில் வெள்ளைக்குள் அங்கங்கே ஃபோன் வெளிச்சமும் குரல்களும் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. நினைத்தால் எனக்கு இன்னும் கனவுபோலத்தான் இருக்கிறது. இன்றைக்கு உலகமே உள்ளங்கையில் நடத்துகிற கூத்தை நாங்கள் அன்றைக்கே அந்தக் கல்லின்மேல் நடத்திப் பார்த்துவிட்டோம்.

மாமா மட்டும் அங்கே வரமாட்டார். "மொகம் தெரியாத எடத்துல நான் யாருகிட்டன்னு கேக்குறது?" என்பார்.

ஒரு நாள் கொழும்பில் குண்டு வெடித்தது என்று ரேடியோ சொன்னது. எங்கள் நடுலயத்து லெட்சுமியின் புருஷன் செல்வராசு அங்கே ஒரு கடையில் வேலை. கல்யாணமாகி முதல் வருஷம், அவள் பிள்ளைத்தாச்சி. அன்று அந்தியில் கவரேஜ் கல்லில் எல்லோரும் செல்வராசு நம்பரையே அழுத்தினார்கள். யாருக்கும் கிடைக்கவில்லை. மறுநாள் விடியும்போது நடுலயத்துக்கு வருகிற பாதை முழுக்க வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

செல்வராசு செத்துவிட்டான் என்பது முடிவாகிவிட்டது. கொடி கட்டியவர் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். எந்தச் சாவுக்கும் முந்திக்கொண்டு கொடி கட்டுகிற மனிதர். பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். இழவு வீட்டுக்கு அழுதுகொண்டேதான் போகவேண்டும், போய்க் கேள்வி கேட்கக்கூடாது. எங்கள் பக்கத்து மரியாதை அது. அந்த மரியாதையில்தான் நாங்கள் மொத்தமாக ஏமாந்தோம்.

லெட்சுமி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. வாசலில் மாமா குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு சொன்னா?"

முன்னால் வந்த பாப்பாத்தி அக்காவுக்கு ஒப்பாரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. "எழவு வீட்டுல வந்து கேக்குற கேள்வியா இது?"

"எழவு வீடுன்னு யாரு சொன்னா?"

"மாரிமுத்து மெசேஜ் போட்டிருந்தான். என் மகன் கல்லுலருந்து வந்து படிச்சுக் காட்டுனான்."

"மாரிமுத்து, இங்க வா. ஒனக்கு?"

"தலைவர்தாங்க சொன்னாரு. நேத்து கல்லு மேல."

தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். "நான் சும்மா சொல்லுவனா? பாப்பாத்தி சொல்லிச்சு."

மாமா குடையை மடக்கினார். மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "நீ அவன் சொன்னாங்குற. அவன் இவரு சொன்னாருங்குறான். இவரு நீ சொன்னங்குறாரு. இப்ப சொல்லு பாப்பாத்தி, ஒனக்கு யாரு சொன்னா?"

பாப்பாத்தி அக்கா விழித்தாள். "நான் எங்க சொன்னேன்? செல்வராசுக்கு ஃபோன் போக மாட்டேங்குதே, ஒண்ணும் ஆயிருக்காதுல்லன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

தலைவர் அதை மாரிமுத்துவிடம் "என்னமோ ஆயிருச்சுபோல" என்று சொல்லியிருக்கிறார். மாரிமுத்து "முடிஞ்சிருச்சாம்" என்று எல்லோருக்கும் மெசேஜ் தட்டிவிட்டிருக்கிறான். பாப்பாத்தி அக்காவின் சொந்தப் பயம் பனிமூட்டத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, செய்தியாக உடுத்திக்கொண்டு, அவள் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. அவளும் நம்பி அழுதிருக்கிறாள், பாவம்.

உள்ளேயிருந்து லெட்சுமியின் குரல் வந்தது. "அப்ப அவரு உசுரோட இருக்காரா மாமா?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"தெரியல தாயி. இங்க ஒருத்தருக்கும் தெரியல. தெரியாத ஒண்ணுக்கு நீ ஏன் பொட்ட அழிக்கணும்? எந்திரிச்சு அடுப்பப் பத்த வையி."

கூட்டம் திடுக்கிட்டது. இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. எரிந்தால் அது இழவு வீடு இல்லை. லெட்சுமியால் எழுந்திருக்க முடியவில்லை. மாமாவே உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து ஊதினார். ஈர விறகு, புகைந்து புகைந்து ஒருவழியாகப் பிடித்தது. அத்தனை பேருக்கும் சாயத் தண்ணி போட்டார். "குடிங்க. குடிச்சுட்டு அழுவ முடிஞ்சா அழுவுங்க."

அந்த வீட்டு அடுப்பில் கொதித்ததைக் குடித்தபிறகு எப்படி ஒப்பாரி வைப்பது? தலைவிரி கோலமாக வந்த பெண்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சீனி கேட்டார்கள். கூந்தலை முடிந்துகொண்டார்கள். சீனி போதாதென்று தலைவர்தான் முதலில் குறை சொன்னார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வெள்ளையாக ஒரு பகல், ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. மாமா மட்டும் அடுப்பை அணையவிடாமல் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் தாண்டி, கீழ்ப் பாதையில் ஓர் அலறல் கேட்டது. "லெட்சுமி! ஐயோ, லெட்சுமி!" பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். செல்வராசு! கொழும்பில் லைன் கிடைக்காமல், ஃபோனில் சார்ஜும் இல்லாமல், நேரில் போய்விடலாம் என்று ரயிலேறி வந்தவன். பாதையில் கொடியைப் பார்த்திருக்கிறான். கொடி நேராகத் தன் லயத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறான்.

லெட்சுமி வாசலுக்கு வந்தாள். அவன் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒனக்குத்தான் என்னமோன்னு ஓடியாந்தேன் புள்ள. வளைவுல வந்தப்ப பனி கொஞ்சம் வெலகி நம்ம கூரையில பொகை தெரிஞ்சிச்சு. அதப் பாத்தப்பறந்தான் எனக்கு மூச்சே வந்திச்சு."

தலைவர் சத்தமில்லாமல் நழுவிப் போய்க் கொடிகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தோம். யாருசொன்னா மாமா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, ஓவென்று அழுதுகொண்டிருந்தார். அத்தனை பெண்கள் தயாராக வந்த வீட்டில், அன்றைக்கு ஒப்பாரி வைத்தது அவர் ஒருவர்தான்.

லெட்சுமி பதறிப் போய்த் தோளைப் பிடித்தாள். "என்னா மாமா? அவருதான் வந்துட்டாருல்ல?"

"பயந்துட்டேன் தாயி," என்றார். "காலையிலருந்து ரொம்பப் பயமா இருந்திச்சு."

அந்த மனிதருக்குப் பயம் என்று ஒன்று உண்டென்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாப்பாத்தி அக்கா தன் கிளாசில் மிச்சமிருந்த தேத்தண்ணியை அவர் வாயருகே கொண்டுபோய், பிள்ளைக்குப் புகட்டுவதுபோலப் புகட்டினாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் குடித்தார்.