முன்னுக்குப் பாசி, பின்னுக்குப் பிளேன்ரீ

சிவகரன் அந்தத் திங்கட்கிழமை காலை ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் அவர் எவர் கண்ணிலும் படப்போவதில்லை.

இதைத் துறவு என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. துறவிகள் வாய்ப்பன் முதலான பலகாரங்களை விட்டவர்கள். சிவகரனோ வாய்ப்பனுக்காகத்தான் உலகத்தை விடத் துணிந்தார்.

வீடு பூநகரியில்; வேலை கிளிநொச்சியில் ஒரு கந்தோரில். இடையில் பரந்தன். பரந்தன் சந்திக்கு இந்தப் பக்கம், ஒரு வேப்பமரத்துக்கு எதிரே, ஒரு தேத்தண்ணிக் கடை. காலை ஏழரைக்கு அங்கே வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்த வாய்ப்பன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழும்பி வரும். அந்த நேரத்தில் அந்த வழியால் ஒரு மனிதன் நிற்காமல் போகிறான் என்றால் அவனுக்கு மூக்கில் கோளாறு என்றே கொள்ள வேண்டும்.

சிவகரனுக்குக் கோளாறு மூக்கில் இல்லை, இரத்தத்தில். போன மாதம் வெறுவயிற்றில் சோதித்தபோது சீனி நூற்றெண்பத்தாறு. அந்தச் சோதனைத் துண்டை அவருடைய மனைவி தயாளினி அலுமாரிக் கண்ணாடியின் மூலையில் ஒட்டி வைத்தாள். தலை சீவும்போதெல்லாம் அவர் தன் முகத்தையும் தன் சீனியையும் ஒருங்கே பார்க்க வேண்டியிருந்தது.

தயாளினி மாதர் சங்கத் தலைவி. ஒரு மாகாணத்தை ஆளப் போதுமான நிர்வாகத் திறமை ஒரே ஒரு மனிதனின் சாப்பாட்டுத் தட்டின் மேல் திரும்பினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. குரக்கன் புட்டு. சீனி போடாத தேத்தண்ணி. பாகற்காய்: குழம்பாக, பொரியலாக, சாறாக.

அதையும் சகித்திருப்பார். சகிக்க முடியாதது அந்த றோட்டு. பூநகரிப் பக்கம் பஸ் குறைவு. ஒரு பஸ்ஸுக்காக ஒரு மணித்தியாலம் நிற்கும் சனத்துக்குப் பார்ப்பதற்கு வயலும் வானமும்தான் உண்டு; அவற்றை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். ஆகவே போகிற வாகனத்தைப் பார்ப்பார்கள். உள்ளே ஆர், பக்கத்தில் ஆர், வாயில் என்ன. இந்த மூன்று கேள்விக்கும் விடை கண்ட பின்புதான் கார் அவர்களைக் கடக்கும்.

போன வெள்ளிக்கிழமை, வேப்பமரத்தடியில் காரை நிறுத்திச் சிவகரன் இரண்டாவது வாய்ப்பனைக் கடித்த கணத்தில், கிளினிக்குக்குப் போகும் வடிவம்மா பஸ் யன்னலால் பார்த்துவிட்டார். வடிவம்மா தயாளினியின் பெரியம்மா. செய்தி சிவகரனுக்கு முன்னே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று இரவு தயாளினி சத்தம் போடவில்லை. பாகற்காய்ச் சாற்றை முன்னால் வைத்துவிட்டு ஒரேயொரு வசனம் சொன்னாள்: "இன்னொருக்காக் கேள்விப்பட்டனெண்டா கார்த் திறப்பு என்னட்டை. நீங்கள் ஆறரை பஸ்."

ஆறரை பஸ்ஸில் இருக்கை கிடையாது. மீன் கூடை உண்டு. வாய்ப்பனை விடலாம் என்ற எண்ணம் மட்டும், ஏனோ, சிவகரனுக்கு வரவில்லை.

அதனால்தான் திங்கட்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கிளிநொச்சியில் கிருபனின் கடைக்குப் போனார். கிருபன் வாகனக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிறவன். அவன் பாஷையில் அது ரின்ற்.

சிவகரனுக்கு இங்கே இரண்டாவது பயம் பிடித்தது: பொலிஸ். முன்கதவுக் கண்ணாடி கறுப்பாக இருந்தால் மறித்துக் கேட்பார்கள். ஆனால் அவருடைய காரின் பின்கதவுக் கண்ணாடிகள் ஜப்பானிலிருந்து வரும்போதே கறுப்பு. முன்கதவும் அதே நிறமாக இருந்துவிட்டால் எல்லாம் கொம்பனிக் கண்ணாடி என்று சொல்லித் தப்பலாம். ஆகவே நிறம் மயிரிழையும் பிசகக் கூடாது. கிருபன் கொடுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கந்தோர் வெள்ளைத் தாளின் மேல் வைத்து, கண்ணை இடுக்கி, பின்கதவோடு ஒப்பிட்டு, அரை மணித்தியாலம் ஆராய்ந்து ஒன்றைத் தெரிவு செய்தார்.

கார்க் கண்ணாடிக்கு நிறம் இல்லை என்பது மக்களிடையே நிலவும் ஒரு மூடநம்பிக்கை. கண்ணாடியை இறக்கி அதன் விளிம்பைப் பார்த்தால் தெரியும்: இளம் பச்சை. பின்கதவுக் கண்ணாடிக்கோ உருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். அது கபிலம் கலந்த கறுப்பு. வெள்ளைத் தாளில் உத்தமமாக இருந்த துண்டு பச்சைக் கண்ணாடியில் ஏறியவுடன் தன் சுபாவத்தைக் காட்டியது. கிருபன் தண்ணீரை வழித்துத் துடைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். இருவரும் காரைப் பார்த்தார்கள்.

பின்கதவு பால் விடாத பிளேன்ரீ. முன்கதவு பாசி பிடித்த குளம்.

பச்சையை அடக்குகிற கபிலத் தாள் ஒன்று இருக்கிறதாம். வவுனியாவிலிருந்து எடுப்பிக்க இரண்டு கிழமை செல்லுமாம். இரண்டு கிழமை என்றால் பத்து வேலைநாள். வாய்ப்பனில் இருபது. சிவகரன் வேண்டாம் என்றார்.

"ஆரண்ணை இவ்வளவு உத்துப் பாக்கப் போகினம்?" என்றான் கிருபன்.

உற்றுப் பார்க்கிறவள் வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சிவகரன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த காரணத்தை எடுத்து விட்டார். சீனி வருத்தக்காரருக்கு வெய்யில் கூடாதாம், கண்ணைத் தாக்குமாம், கந்தோரில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனதாம். தயாளினி கீரையோடு எழுந்து காரை ஒருமுறை வலம் வந்தாள். முன்கதவில் நின்றாள். பின்கதவில் நின்றாள். மீண்டும் முன்கதவுக்கு வந்தாள்.

"கண் முக்கியம்தான்," என்றாள். பிறகு, "வடிவாக் கிடக்கு."

பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் தயாளினி மறுத்த நாட்களில் சிவகரனுக்கு ஒரு தீங்கும் வந்ததில்லை. அவள் ஒத்துக்கொண்ட நாட்கள்தான் பயங்கரமானவை. அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை விடிந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு பாழ்மதில். முன்கண்ணாடிக்குத் தாள் ஒட்டக் கூடாது என்பதால் காரின் மூக்கை அந்த மதிலோடு முட்டக் கொண்டுபோய் நிறுத்தி, வெய்யிலுக்கு வைக்கும் வெள்ளி மட்டையையும் விரித்து மறைத்தார். பிறகு, கடைவாசலில் கண்ணாடியை நாலு விரல் இறக்கிக் கையை மட்டும் நீட்டி வாங்கி வந்த இரண்டு வாய்ப்பன், கர்ப்பக்கிருக இருட்டில். வெளியே பஸ் போயிற்று, சைக்கிள் போயிற்று, ஒருவரும் திரும்பவில்லை. புதன்கிழமை மூன்று வாய்ப்பன்.

வியாழக்கிழமை ஒரு மோட்டச்சைக்கிள் மெதுவாகக் கடந்து, திரும்பி வந்து, இன்னும் மெதுவாகக் கடந்தது. றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். தன்னைத்தானே படம் எடுக்கிறாளாக்கும் என்று சிவகரன் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, இரண்டாவது வாய்ப்பனின் பாதியில், வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது.

உள்ளிருந்து பார்த்தால் அந்தப் பாசித் தாளில் எப்போதும் அந்திதான். அந்த அந்திக்குள் ஆட்கள் நின்றார்கள். மீன் கூடை கட்டிய சைக்கிள்காரர், கைக்குழந்தையோடு ஒருத்தி, ஓட்டோவை விட்டு இறங்கிய இரண்டு பேர், கையை மட்டும் கண்டிருந்த கடைக்காரரும்கூட. ஒருவரும் கிட்ட வரவில்லை. பத்தடி விட்டு அரைவட்டமாக நின்றார்கள். இது நாலு நாளாக இதிலேயே நிற்குதாம். உள்ளே ஆளிருக்காம், இறங்குவதில்லையாம். முன்னுக்கு ஒரு நிறம், பின்னுக்கு ஒரு நிறமாம்; அப்படியென்றால் வேறு வாகனத்துக் கதவைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்களாம். கைக்குழந்தைக்காரி பிள்ளையின் முகத்தைச் சேலையால் மூடினாள்.

அப்போதுதான் சிவகரனுக்கு உறைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனம் ஒன்று காரணமில்லாமல் ஓரிடத்தில் நின்றால், இந்த மண்ணில் எவரும் அதற்கு வாய்ப்பன் என்று பொருள் கொள்வதில்லை. அப்படியான வாகனங்களில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன காலத்தில் அவரே ஒன்றைக் கண்டு வயல் வரம்பால் இறங்கி மூன்று மைல் சுற்றி வீட்டுக்குப் போனவர். இப்போது அந்த வாகனத்துக்குள் இருந்துகொண்டு, தன்னைக் கண்டு பயந்த சனத்தைக் கண்டு பயந்துகொண்டிருந்தார்.

பின்னால் எடுக்கலாமென்றால் பின்னால் ஆட்கள். முன்னால் மதில். ஒருவர் பொலிஸுக்குப் போன் அடிப்போமா என்றார். இன்னொருவர் முதலில் கல்லொன்றை எடுத்து வைப்போம் என்றார். வாய்ப்பன் தொண்டைக்கும் வாய்க்கும் இடையில் எங்கோ நின்றது. சிவகரன் இருக்கையிலிருந்து மெல்லச் சரிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு மூட்டையானார்.

அந்த நேரம் ஆட்களை விலக்கிக்கொண்டு கிளினிக் கொப்பியும் கையுமாக ஒருவர் வந்தார். வடிவம்மா. ஒருவரையும் கிட்டப் போக வேண்டாம் என்று மறித்துவிட்டு, தானே வந்து, இரண்டு கையையும் கண்ணுக்குக் கூடாரம் கட்டிக் கண்ணாடியோடு மூக்கை அழுத்திப் பார்த்தார். ரின்ற் தாளுக்கு மருந்து அதுதான் என்பதைக் கிருபன் சொல்லியிருக்கவில்லை. ஒரு முழம் மேலே வடிவம்மாவின் தட்டையான மூக்கைக் கண்ட சிவகரன் கண்ணை மூடிக்கொண்டார். தான் கண்ணை மூடினால் மற்றவர்களுக்கும் இருட்டிவிடும் என்ற பூனையின் தத்துவத்தை அவர் அதுவரை ஏளனம் செய்தவர்.

வடிவம்மா பின்னால் போய்த் தன் தொலைபேசியை எடுத்துப் பேசினார். அரை நிமிடம் கழித்துக் காருக்குள் சிவகரனின் தொலைபேசி மணி அடித்தது. வெளியே கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"எங்கை நிக்கிறியள்?" தயாளினியின் குரல்.

"கந்தோரிலை." வாய்ப்பனைத் தாண்டி வந்த குரல்.

"கந்தோரிலை இண்டைக்குக் கன சனமோ?"

சிவகரன் ஸ்டியரிங்குக்குக் கீழே இன்னும் ஒரு சாண் சரிந்தார்.

"கண்ணாடியை இறக்குங்கோ. பெரியம்மா கன நேரமா நிக்கிறா. அவவுக்கு முழங்கால் நோ."

கண்ணாடி இறங்கியது. அரைவட்டம் முழுவதும் குனிந்து பார்த்தது. கன்னம் உப்பிய, சீனி ஒட்டிய, ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர். "பயப்பிடாதேங்கோ," என்று வடிவம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "இது எங்கடை தயாளினியின்ரை மனிசன். ஒளிச்சிருந்து தின்னுறார், அவ்வளவுதான்." கல்லோடு நின்றவர் கல்லை மெல்லக் கீழே போட்டார். பொலிஸ் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிவகரனுக்குத் தோன்றியது.

வடிவம்மா கிளினிக் வரை காரிலேயே வந்தார். மிச்ச வாய்ப்பனையும் அவரே சாப்பிட்டார். அவருக்குப் பிரஷர் மட்டும்தானாம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்த சிவகரன் தானாகவே கார்த் திறப்பை மேசையில் வைத்தார். தயாளினி அதைத் தொடவில்லை. தன் தொலைபேசியை அவர் முன்னால் தள்ளி வைத்தாள்.

மாதர் சங்கங்களின் வட்ஸ்அப் குழு. திங்கட்கிழமை மாலை, கீரை அடுப்பில் ஏறுவதற்கு முன்பே, தலைவி போட்ட செய்தி: முன்கதவுக் கண்ணாடி பாசிப் பச்சை, பின்கதவுக் கண்ணாடி கபிலக் கறுப்பு, வெள்ளி நிறக் கார், காண்பவர்கள் இடமும் நேரமும் அறியத் தரவும். காரணம் சொல்லவில்லை. காரணத்தைச் சனமே போட்டுக்கொண்டது. அதன் கீழே ஊர் ஊராக, நிமிடம் நிமிடமாக, படத்தோடு சிவகரனின் நாலு நாள் வாழ்க்கை கிடந்தது.

"முந்தி வெள்ளிக் கார் எண்டா இந்த றோட்டிலை அம்பது ஓடும்," என்றாள் தயாளினி. "சனம் பிழையா வேற ஆரையும் சொல்லிப்போடும். நான் எத்தினை நாள் தலையைப் பிச்சனான் தெரியுமோ."

சிவகரன் எழுந்தார். அவருக்குள் ஒரு மானம் விழித்தது. காரைக் கண்டு ஒரு பிள்ளையின் முகத்தை மூடினார்கள், இனி இந்தத் தாள் என் காரில் ஒரு நிமிடம் இருக்கக் கூடாது, பிளேடு எங்கே, இப்போதே உரிக்கப் போகிறேன் என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

தயாளினி குசினிக்குள் போய்ப் பிளேடை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"சனத்துக்கு நான் சொல்லியிட்டன், இனி ஒருத்தரும் பயப்பிடாயினம். உரிக்கிறதெண்டா உங்கடை பக்கக் கதவை மட்டும் உரியுங்கோ. மூண்டு நிறமெண்டாத்தான் பெரியம்மாவுக்குத் தூரத்திலை வரேக்கையே பிடிபடுமாம்."