சீப்புராஜாவும் ரோஸ் மூஞ்சியும்

நான் ஒரு காலத்தில் வில்லனாக இருந்தவன். இதைப் பெண் பார்க்கப் போன அன்றே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன் (நான் சொல்லாவிட்டால் மணி சொல்லிவிடுவான் என்கிற பயம்தான், வேறென்ன).

மணி என்கிற மணிகண்டன், சங்கரன்கோவிலில் பிளஸ் டூ வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கோடு போடாத நோட்டில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, ‘சாப்பாட்டு மணி’ என்று ஒரு சித்திரக்கதை நடத்திவந்தான். இதழுக்கு ஒரே ஒரு பிரதிதான். முதல் பெஞ்சில் புறப்பட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர இரண்டு பீரியட் ஆகும். கதாநாயகன் அவனேதான். எப்போதும் பசி, எப்போதும் தூக்கம், ஒன்றும் அறியாத முகம். அவனுக்கு ஓர் எதிராளி உண்டு. பெயர் சீப்புராஜா. சட்டைப் பையில் ஒரு சீப்பு, பேன்ட் பையில் இன்னொரு சீப்பு. சைக்கிள் கண்ணாடி, பஸ் கண்ணாடி, சார் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி என்று எதில் தன் முகம் தெரிந்தாலும் நின்று தலை வாருவான். வாரி முடித்த கையோடு மணிக்கு ஏதாவது வம்பு செய்வான். அது திரும்பி இவன் தலையிலேயே விழும். கடைசிக் கட்டத்தில் சேற்றில் கிடந்தபடியே, “அடுத்த வாட்டி பாத்துக்கிடுதேன்!” என்று கையை ஆட்டுவான்.

என் பெயர் கோமதிராஜா.

என்னை வில்லனாக்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மூக்கைக் கத்தரிக்காய் மாதிரி வரைந்திருந்தான். முடியை விளக்குமாறு மாதிரி வரைந்திருந்தான். அந்த முடிக்கு நான் காலையில் முக்கால் மணி நேரம் செலவழிக்கிறேன்! நேரே போய்க் கேட்டேன்.

“ஏலே மணி, நான் எப்பம்லே சாக்கடையில விழுந்தேன்?”

“போன வெள்ளிக்கிழம. என் சைக்கிள்ல காத்தப் பிடுங்கி விட்டுட்டு ஓடும்போது.”

“அது வாய்க்கால்லே!”

“சரி, வாய்க்கால்னு மாத்திருதேன். நடந்ததத்தான் வரைவேன் மக்கா. நீ ஒரு வாட்டி ஜெயிச்சுக் காட்டு, அதையும் வரையுதேன்.”

அதைச் சிரிக்காமல் வேறு சொன்னான். வகுப்பே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பள்ளிக்கூடம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. குரூப் போட்டோ எடுத்த பிறகு கடைசி இதழ் வரும் என்று வேறு அறிவித்துவிட்டான். ஒரு இதழில்கூட ஜெயிக்காத வில்லனாக நான் பள்ளியை விட்டுப் போவதா? அந்தக் கடைசி இதழில் சீப்புராஜா ஜெயித்தே ஆகவேண்டும் என்று முடிவு கட்டினேன். பரீட்சைக்கு அந்த உறுதியில் கால்வாசி இருந்திருந்தால் நான் இன்றைக்கு எங்கேயோ போயிருப்பேன்.

எங்கள் ஊரில் புற்றுமண் இல்லாத வீடு கிடையாது. கோமதியம்மன் கோவிலில் பிரசாதமாகத் தருவது. நெற்றியில் பூசிக்கொள்வோம். சொறி, சிரங்கு, பரு எது வந்தாலும் அதைத் தண்ணீரில் குழைத்துப் போட்டுப் பார்ப்போம். டாக்டரெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்தச் சமயம் மணிக்கு முகமெல்லாம் வேர்க்குரு. போட்டோவுக்கு முந்தின நாள் புற்றுமண் என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தால், கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பூசிக்கொள்வான். இதுதான் திட்டம்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடும். தெருக்கோடியில் நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை. அங்கே ஒரு பொடி உண்டு. காய்ந்திருக்கும்போது செங்கல் தூள் மாதிரி சாதுவாக இருக்கும். தண்ணீர் பட்டால்தான் சுயரூபம் தெரியும், கண்ணைப் பறிக்கிற ரோஸ். “சேல கிழிஞ்சாலும் இந்தக் கலர் போவாது தம்பி” என்று பட்டறைக்காரர் பெருமையாகச் சொல்வார். அதில் கொஞ்சம் கிள்ளி வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த செம்மண்ணில் கலந்தேன். (நிஜப் புற்றுமண்ணில் கலக்கவில்லை. வில்லனுக்கும் சாமி பயம் உண்டு.) பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில், சீப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் சட்டை துவைக்கிற வாளியில் கிடக்கிறது, பொட்டலத்தைக் காணோம்.

“எம்மா! பையில ஒரு பொட்டலம் இருந்துச்சே?”

“சாமி மண்ண வேர்வச் சட்டயிலயாலே வப்பாவ? படத்துக்கிட்ட வச்சிருக்கேன், எடுத்துக்கோ” என்றாள் அம்மா.

ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பறந்தேன். அந்தப் படத்துக்கு முன்னால், ஏற்கனவே அம்மா கோவிலிலிருந்து கொண்டுவந்த நிஜமான பொட்டலமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மணி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “அம்மா குடுத்தாவளா? நல்ல மனசுலே உங்கம்மாவுக்கு” என்றான். நான் திரும்பி நின்று ஜன்னல் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டேன். அன்று முழுக்க எனக்குப் பாடமே ஏறவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அம்மா என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “நாளைக்குப் போட்டோன்னு சொன்ன, கன்னமெல்லாம் பருவா இருக்கே எய்யா. இன்னொரு பொட்டலம் இருக்கு, பூசி விடுதேன்.”

எனக்கும் ஆசைதான். வேர்க்குருவும் ரோஸுமாக மணி ஒரு பக்கம், பரு இல்லாமல் நான் ஒரு பக்கம், என்ன ஒரு போட்டோ! ஈசிச்சேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, நெற்றி, கன்னம், தாடை, காது வரைக்கும் தாராளமாக இழுத்துவிட்டாள். பிறகு அவள் கை அப்படியே நின்றது.

“எத்தே! பாப்பா அத்த! ஓடியாங்க! மண்ணு குங்குமமா மாறுது!”

கண்ணைத் திறந்தேன். அம்மாவின் இரண்டு உள்ளங்கையும் ரோஸ். அவள் கண்ணில் நீர் தளும்புகிறது. “கோமதித்தாயி நம்ம வீட்டுக்கு வந்துட்டாம்மா” என்கிறாள். பக்கத்து வீட்டுப் பாப்பா அத்தை ஓடி வந்து, என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எனக்கும் ஒரு சிட்டிக குடு தாயி, மூட்டு வலிக்குப் பூசிக்கிடுதேன்” என்று கையை வேறு நீட்டிவிட்டாள்.

அதற்கு மேலும் சும்மா இருந்தால் தெருவே ரோஸாகிவிடும். எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன்.

அம்மா முதுகில் வைத்தாள் பாருங்கள் ஒன்று! ஐந்து விரலும் பனியனில் ரோஸாகப் பதிந்தது. “சாமி பேரச் சொல்லியாலே சாயம் பூசப் பாத்த? நாளைக்கே கோவில்ல உப்பும் மிளகும் போட்டுட்டு, தப்பு தப்புன்னு சொல்லிட்டு வாரே!” என்றாள். ரோஸ் கையாலேயே என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். சீயக்காய் போட்டோம், கடலை மாவு போட்டோம், தேங்காய் எண்ணெய் போட்டோம். பாப்பா அத்தை புளியங்குடி எலுமிச்சம்பழம் நாலு கொண்டுவந்து நறுக்கித் தேய்த்தாள். பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் பட்டதும் கூடக் கொஞ்சம் பளபளப்புதான் வந்தது.

மறுநாள் அம்மா, “லீவு போட்ருலே” என்றாள். நான் இல்லாத குரூப் போட்டோவில் மணி மட்டும் இளிப்பானா? முடியவே முடியாது. கோவிலில் உப்பு மிளகு போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் தலை வாரிக்கொண்டு போனேன். தலை பிரமாதமாக இருந்தது. அதற்குக் கீழேதான் பிரச்சினை.

பள்ளிக்கூட வாசலிலேயே மணி நின்றான். வேர்க்குரு எல்லாம் அமுங்கி முகம் பளிச்சென்று இருந்தது.

“உங்கம்மாட்ட சொல்லுலே, மண்ணு நல்லா கேட்டிருக்...” என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டான். பையிலிருந்து நோட்டை எடுத்தான், பென்சிலை எடுத்தான். பாவி, அங்கேயே நின்று வரைய ஆரம்பித்துவிட்டான்.

தலைமையாசிரியர், “எந்த நாடகத்துலலே வேஷம்?” என்று கேட்டுவிட்டுக் கடைசி வரிசையில் நிற்கச் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். படம் எடுத்தாயிற்று. ஆனால் நான் விடுவதாக இல்லை. அன்று சாயங்காலமே ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, என் மூஞ்சிய மட்டும் சரி பண்ணித் தாங்க.”

“போப்பா, எனக்கு மூணு பள்ளிக்கூடத்துப் படம் கெடக்கு.”

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். கடையைக் கூட்டினேன், டீ வாங்கி வந்தேன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். நாலாம் நாள் அவருக்கே பொறுக்கவில்லை. “வா, வந்து தொல” என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“சரியாத் தெரியல அண்ணாச்சி, கிட்டக் கொண்டு வாங்க” என்றேன். கொண்டு வந்தார். “இன்னும் கிட்ட.” திரை முழுக்க என் முகம் ஒன்றுதான். அவர் மவுஸால் எதையோ இழுக்க இழுக்க ரோஸ் குறைந்தது. “இன்னும் கொஞ்சம் அண்ணாச்சி.” குறைந்தது. “இன்னும் ஒரே ஒரு இழுப்பு.” கடைசியில் எனக்கு மாநிறம் வந்தேவிட்டது. பரு மட்டும்தான் பாக்கி. தொல்லை விட்டது என்று அண்ணாச்சி அப்படியே திருநெல்வேலிக்கு பிரின்ட் போட அனுப்பிவிட்டார். மற்றவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மற்றவர்கள் முகத்தை நான் எப்போது பார்த்திருக்கிறேன்?

கடைசி நாள், வகுப்பில் கவர் கவராகக் கொடுத்தார்கள். முதலில் பிரித்தது தலைமையாசிரியர். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் பச்சை. வகுப்பு சார் பச்சை. மணி பச்சை. வகுப்பு மொத்தமும், சுண்ணாம்பு அடித்த சுவர் உட்பட, கீரைக்கட்டு மாதிரிப் பச்சைப் பசேல் என்று நின்றது. என் முகத்தில் குறைத்த ரோஸ் படம் முழுக்கக் குறைந்து போயிருந்தது. கடைசி வரிசை நடுவில் நான் ஒருத்தன்தான் மனித நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன், தலை கலையாமல்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது. தலைமையாசிரியர், “ஏலே, நான் உனக்கு என்னலே பாவம் செஞ்சேன்?” என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் மணி கடைசி இதழைக் கொண்டுவந்தான். ‘சாப்பாட்டு மணி’ அதுவரை கறுப்பு மையில்தான் வந்தது. இதற்காக ஒரு பச்சை ஸ்கெட்ச் வாங்கியிருந்தான். கடைசிக் கட்டத்தில் வகுப்பே பச்சையாக நிற்கிறது. நடுவில் சீப்புராஜா. முடி முடியாக இருந்தது. மூக்கு, முதன்முறையாக, மூக்காக இருந்தது. கீழே மூலையில் பச்சை மணி தரையில் உட்கார்ந்து கையை ஆட்டுகிறான். “அடுத்த வாட்டி பாத்துக்கிடுதேன்!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமையில் வந்த அழுகைதான், ஒத்துக்கொள்கிறேன்.

“நடந்ததத்தான் வரைவேம்னு சொன்னேம்லா” என்று நோட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டான். “வச்சுக்கோ. நீ ஜெயிச்சுட்ட. இனி கத ஓடாது.”

ஓடாது என்று நானும் நம்பினேன். மணி பிறகு ராஜபாளையம் ரோட்டில் பிளக்ஸ் பேனர் கடை வைத்தான். எனக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், தலையில் சீப்புக்கு வேலையும் இல்லாமல் போனது. போன தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. பேனர் வேலையை மணியிடம்தான் கொடுத்தேன். “ஜமாய்ச்சிருதேன் மக்கா” என்றான்.

மண்டபத்து வாசலில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக நின்றது பேனர். மகள் அழகாக இருந்தாள். மனைவி அழகாக இருந்தாள். அம்மா, மாமனார், மைத்துனன் எல்லாரும் அச்சு அசலாக இருந்தார்கள். நடுவில் பச்சைப் பசேல் என்று நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பேனரைப் பார்த்தார்கள், பிறகு வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்கள். மணி மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில், ஒன்றும் அறியாத முகத்தோடு முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

“என்னலே இது?” என்றேன்.

“அடுத்த வாட்டின்னு சொல்லிருந்தேம்லா” என்றான்.

“இரு, அடுத்த வாட்டி பாத்துக்கிடுதேன்!” என்று கத்திவிட்டேன், கை தானாக ஆடியது. அம்மா சிரித்த சிரிப்பில் குழந்தைக்குக் காது குத்தவந்த ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். இப்போது வீட்டில் யாருக்கு எது கிடைக்காவிட்டாலும் அந்த வசனம்தான். என் மகளே, ஐஸ்கிரீம் கிடையாது என்றால், கையை ஆட்டிக்கொண்டு அதைத்தான் சொல்லுகிறாள்.

மணிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வருகிற ஆவணியில் காதுகுத்து. சாயப்பட்டறைக்காரர் இன்னமும் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறார். நேற்றுப் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.